வெளுக்கப் போடாத சட்டை

அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் அவளுடைய பொறுமையைத்தான் சொல்வார்கள். எனக்கோ அந்தப் பொறுமையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அடுப்பில் பால் பொங்கினால்கூட ஓடமாட்டாள், நடந்துதான் போவாள். தெருவில் மழை பிடித்துக்கொண்டால் நாங்களெல்லாம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓடுவோம். அவள் ஏதாவது ஒரு கடை வாசலில் ஒதுங்கி, விடட்டும் என்று நிற்பாள். சைகோன் மழையும் கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டுச் சட்டென்று விட்டுவிடும். நாங்கள் தொப்பலாக நனைந்து வீடு சேர்ந்திருப்போம், அவள் புடவை நுனிகூட நனையாமல் வந்து சேருவாள். அந்த ஊர் மழைதான் உங்களைக் கெடுத்து வைத்திருக்கிறது என்று நான் சொல்வேன்.

அவள் எனக்கு உறவில்லை. ஒரே கூரையை நடுச்சுவர் வைத்துப் பிரித்த இரட்டை வீட்டில் அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். பின்னால் இருந்த முற்றம் இரண்டு வீட்டுக்கும் பொது. அவள் கணவர் சுங்க இலாகாவில் இருந்தார். என் கணவர் தபாலாபீசில் குமாஸ்தா. எல்லாரும் காரைக்கால்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலில் பூசை கண்டுவிட்டு ஒரே வழியாகத் திரும்பி வருவோம்.

கலியாணமாகிக் கப்பலில் வந்து இறங்கியபோது அந்த ஊரில் எனக்கு ஒத்துக்கொள்ளாதது நுக்மாம் ஒன்றுதான். மீனை உப்பில் மாதக்கணக்காக ஊறவைத்து இறக்குகிற சாறு அது. அந்த ஊர் மக்களான அன்னாமியர்கள் அது இல்லாமல் ஒரு கவளம் சாப்பிடமாட்டார்கள். தெருவெல்லாம் அந்த வாடை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்பேன். அக்கா இதைப் பார்த்தாள். தினமும் மத்தியானம் பின்முற்றத்தின் வழியே ஒரு கிண்ணம் குழம்பு அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஊர் ருசி என்று நானும் வழித்து வழித்துச் சாப்பிட்டேன். கொஞ்ச காலம் போனபின் ஒருநாள், குழம்பு எப்படி என்று கேட்டாள். அருமை என்றேன். அதில் ஒரு கரண்டி நுக்மாம் ஊற்றியிருக்கிறேன், முதல்நாள் ஒரு சொட்டில் ஆரம்பித்தேன் என்றாள், உப்பு எவ்வளவு போட்டேன் என்று சொல்கிற மாதிரி. எனக்கே தெரியாமல் என்னைப் பழக்கிவிட்டாளே என்று சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு நானே ஒரு போத்தல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

"பழகிடும்" என்பதுதான் அவளுடைய வார்த்தை. குழந்தை தாய்ப்பால் மறக்கவில்லையா, பழகிடும். புருஷன் கோபக்காரனா, பழகிடும். காது புளித்துப் போகும்.

ஆனால் வெறும் வாய்ச்சொல் இல்லை அது. அவளுடைய நாத்தனார், எங்களுக்கெல்லாம் அண்ணி, இளம் வயதிலேயே புருஷனை இழந்தவள். தம்பியை வளர்த்து ஆளாக்கி, அவன் உத்தியோகத்துக்காகக் கடல் தாண்டி வந்தவள். தம்பி லீவில் ஊருக்குப் போய்த் தன்னைக் கேட்காமல் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று அவளுக்கு ஆறாத கோபம். வந்த பெண்ணிடம் அவள் பேசவே இல்லை. அண்ணி முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். அக்கா முற்றத்தின் மறுகோடியில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்காருவாள். நாளாக ஆக அந்த முக்காலி ஒரு சாண், இன்னொரு சாண் என்று கிட்டே வந்ததாம். கடைசியில் ஒருநாள் அண்ணி தலையைத் தூக்காமலே பாதிக் கீரையை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். இதை எனக்குச் சொன்னது அண்ணியேதான். "அவ நகந்து நகந்து வந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா" என்று சிரித்தாள்.

அந்த வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தன. பூகுவோக் தீவு நாய்கள், முதுகுத்தண்டின் மேல் முடி மட்டும் எதிர்ப்பக்கமாகப் படிந்திருக்கும். வேட்டைக்கென்றே பிறந்த சாதி. அக்காவின் கணவர் லீவு நாட்களில் நகரத்துக்கு வடக்கே ரப்பர் தோட்டங்களைத் தாண்டி அவற்றைக் கூட்டிக்கொண்டு போவார். காட்டுக்கோழி, முயல், கீரி என்று எதைக் கண்டாலும் ஒரே பாய்ச்சல். மனிதர்களை ஒன்றும் செய்யாது. காலடியில் ஓடுகிற சின்னப் பிராணி எதுவும் உயிரோடு தப்பாது. பெரியது சாது, சின்னது முரடு. இரண்டும் அவர் ஒருவருக்குத்தான் அடங்கும்.

ஒருநாள் சின்னது வேலியைத் தாண்டி ஓடிவிட்டது. முனிசிபாலிட்டி வண்டிக்காரர்கள் பிடித்துப் பட்டியில் அடைத்துவிட்டார்கள். வெறிநோய்ப் பயத்தில் தெருப் பிராணிகளை அடைக்கிற இடம் அது. யாரும் கேட்டு வராவிட்டால் கொன்றுவிடுவார்கள். அக்காவின் கணவர் துறைமுகத்தில் வேலையாக இருந்ததால் நானும் அவளும் போனோம். நாயைக் கயிற்றில் கட்டி வெளியே கொண்டு வந்தாகிவிட்டது. அக்கா நகரவில்லை. மூலையில் ஒரு கூண்டில் சாம்பல் நிறப் பூனை ஒன்று. அந்த ஊர்ப் பூனைகளுக்கு உள்ளபடி வால் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. நாய்களின் குரைப்புக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதற்கு நாளைக்கு முடிவு என்று காவல்காரன் கையால் சாடை காட்டினான்.

நாய் வளர்க்கிற வீட்டுக்குப் பூனையைக் கொண்டு போவது கொலைப்பாவம் என்று நான் சண்டையே போட்டேன். இங்கே இருந்தால் மட்டும் என்ன என்று அவள் கேட்டாள். இரண்டு ரிக்ஷா பிடித்தாள். ஒன்றில் நானும் நாயும், இன்னொன்றில் அவளும் மூடிய கூடையும்.

"இதுங்க மொதல்ல கண்ணால பாத்துக்கக் கூடாது தங்கச்சி. மூக்கால பாக்கணும்" என்றாள்.

வாசலில் அன்னாமியச் சமையற்காரி, பா என்று கூப்பிடுவோம், துடைப்பத்தோடு நின்றாள். நாய் தானாக வந்தால் வீட்டுக்குச் செல்வம், பூனை தானாக வந்தால் தரித்திரம் என்பது அவர்கள் நம்பிக்கை. இது தானாக வரவில்லை, நாங்களாகத்தான் கூட்டி வந்தோம் என்று அக்கா அவளுக்கு அரைகுறை அன்னாமியத்தில் விளக்கினாள். பா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, சரிதான் என்று வழிவிட்டாள். அண்ணிதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு அக்கா செய்ததைப் பார்த்து எங்கள் சனங்கள் சிரிக்காத நாளில்லை. அவள் கணவர் படகுகளைச் சோதனை போட்டுவிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்து கழற்றுகிற வெள்ளைச் சட்டையில் ஒன்றை வெளுக்கப் போடாமல் எடுத்து, பின்னறையில் பூனையின் கூடைக்குள் விரித்துவிடுவாள். வாசனை மங்கினால் அன்று கழற்றிய சட்டையை விரித்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொள்வாள். பூனை படுத்த துணித்துண்டை நாய்களின் சோற்றுத்தட்டுக்கு அடியில் வைப்பாள். நாய்கள் உறுமிக்கொண்டே சாப்பிடும். நாய்கள் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அடங்கும், ஆகவே பூனைக்கும் அந்த ஆளின் வாசனை ஏறவேண்டும் என்பது அவள் கணக்கு. அவருக்கு எப்போதும் ஒரு சட்டை குறைவு. "இன்னும் கொஞ்ச நாள்ல அந்தப் பூனைக்குச் சுங்கத்துல வேலையும் வாங்கிக் குடுத்துடுவா" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் கேட்காமலே தினமும் சட்டையை அவள் கையில் கொடுத்துவிடுவார்.

பின்னறைக் கதவு முதலில் மூடியே இருந்தது. பிறகு விரற்கடை திறந்தது. பிறகு கதவுக்குப் பதில் மூங்கில் தட்டி. மழைக்காலம் முடிந்து வெயில்காலமும் போய், திரும்ப மழை பிடித்துக்கொண்டது. எனக்கு நடுவில் ஒரு பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்துவிட்டது. பூனை இன்னும் தட்டிக்குப் பின்னால்தான்.

அந்த நாள் நான் அங்கே இருந்தேன். எல்லாரும் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டியை யார் விலக்கி வைத்தார்களோ, பூனை தானாக வெளியே வந்து, கூடத்தைக் கடந்து, மேசைக்கு அடியில் நுழைந்தது. பெரிய நாய் எழுந்தது. அக்காவின் கணவர் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் நிறுத்திவிட்டார். அண்ணி சிலுவை போட்டுக்கொண்டாள். நாய் பூனையின் கழுத்தை முகர்ந்தது, முதுகை முகர்ந்தது, பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்பவும் படுத்துவிட்டது. சின்னது பெரியதைப் பார்த்துவிட்டு அதுவும் படுத்தது. அக்கா ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த தட்டுக்குச் சோறு பரிமாறினாள். அந்தத் தட்டில் ஏற்கெனவே சோறு நிறைந்திருந்ததை நான் பார்த்தேன். அவளுடைய பொறுமைக்கும் உள்ளே ஒரு உதறல் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்ச நாளிலேயே அண்ணி யாருக்கும் தெரியாமல் பூனைக்கு மீன்தலை போட ஆரம்பித்தாள். மாலையில் அவர் நாற்காலியில் சாய்ந்து சுருட்டுப் பிடிப்பார். ஒரு பக்கம் நாய்கள், நாற்காலிக்கு அடியில் பூனை. அதிகம் போனால் ஒரு மழைக்காலம் அப்படி இருந்தது.

அவர் படகுச் சோதனைக்காக ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பினார். ஆசுபத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் வந்து பார்த்து என்னமோ பேர் சொன்னார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, போய்விட்டார். அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. அண்ணி அழுத அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டது.

சாவு விழுந்த வீட்டில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடக்கம் முடிந்து வந்ததும் உற்றார் உறவுப் பெண்கள் கூடி, வீட்டைக் கூரைமுதல் கழுவி, செத்தவர் தொட்ட துணி ஒன்று விடாமல் துவைத்துப் போட்டுவிடுவார்கள். தாலியிழந்தவள் கையை நனைக்கக் கூடாது. அன்னிய நாட்டில் யாருமற்றுப் போய்விட்டாளே என்ற இரக்கத்தில் அன்றைக்கு எங்கள் சனத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். நானும் அக்காவும் முன்னறையில் துக்கம் கேட்க வந்தவர்களோடு உட்கார்ந்திருந்தோம். பின்னால் அவர்கள் ஓடி ஓடி வேலை செய்தார்கள். தலையணை உறை, போர்வை, காலுறை, கைக்குட்டை எல்லாவற்றையும் கறை போக்குகிற ழாவேல் தண்ணீரில் ஊறப்போட்டு அடித்துத் துவைத்தார்கள். உத்தியோக உடுப்பை வெளுத்து மடித்து ஆபீசுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கூடையைக் கவிழ்த்துக் கொட்டி, அதையும் கழுவி வெயிலில் வைத்தார்கள். உள்ளே இருந்த பூனைமேலும் ழாவேல் தண்ணீர் தெறித்து அது பரண்மேல் ஏறிக்கொண்டது.

சாயங்காலம் அக்கா முற்றத்துக்கு வந்தாள். கொடியில், பூனையின் கூடைக்குள் கிடந்த அந்தச் சட்டை வெள்ளைவெளேரென்று ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பிடித்து முகத்தோடு வைத்துப் பார்த்தாள். வந்திருந்தவர்களில் மூத்த அம்மாள், கழுத்துக் கறையெல்லாம் சுத்தமாகப் போய்விட்டது என்று ஆறுதலாகச் சொன்னாள். அக்கா "மெர்சி" என்று நன்றி சொன்னாள். அவர்களைக் குற்றம் சொல்ல யாராலும் முடியாது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

விளக்கேற்றுகிற நேரத்தில் பூனை பரணிலிருந்து இறங்கியது. சின்ன நாய் பாய்ந்து அதன் பின்னங்காலைக் கிழித்துவிட்டது. பா குறுக்கே விழுந்து பிடுங்கியிராவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

வாசனை போனதுதான் காரணமா, அல்லது எசமான் இல்லாத வீட்டில் நாய்களுக்குக் கட்டுப்பாடு விட்டுப்போனதா, எனக்குத் தெரியாது. அக்கா வாசனை என்றே நம்பினாள். பூனையைப் பின்னறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீடு முழுக்கத் தேடினாள். பெட்டிகளைக் கவிழ்த்தாள், மெத்தையின் தையலைப் பிரித்துப் பஞ்சை முகர்ந்தாள், செருப்புக்குள் முகத்தை வைத்தாள். செருப்பையும் கழுவிப் பாலீஷ் போட்டு வைத்திருந்தார்கள். பூனைக்காக மட்டும் தேடவில்லை அவள் என்பது பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்தது. நான் என் வீட்டுக்குள் போய் அழுதேன்.

கழுவாமல் தப்பியது ஒன்றே ஒன்று. அவர் வெயிலுக்குப் போடுகிற தக்கைத் தொப்பி. அவருக்குச் சொந்தமானது, ஆபீசுக்குத் திருப்ப வேண்டியதில்லை. அதன் உள்ளே நெற்றி படுகிற தோல்பட்டையில் வருஷக்கணக்கான வேர்வை ஊறியிருக்கும். அதை அன்று காலையிலேயே அண்ணி எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா போய்க் கேட்டாள். தோல்பட்டையை மட்டும் கழற்றிக் கொடுத்தால் போதும் என்றாளாம்.

"எந்தம்பிகிட்டேருந்து எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அதை ஒரு பூனைக்குப் படுக்கப் போடக் கேக்குறியா" என்றாள் அண்ணி. அவ்வளவுதான். அக்கா திரும்பி வந்துவிட்டாள்.

நாய்களைக் கட்டிப் பார்த்தோம். பகலெல்லாம் ஊளையிட்டன. தம்பி வளர்த்த நாய் கயிற்றில் கிடந்து அழுவதா என்று அண்ணி அவிழ்த்துவிட்டாள். பூனையை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தோம். கால் ஆறியதும் ஓட்டுக்கு மேலேறித் தன் வீட்டுக்கே போய்விட்டது. இன்னொரு தடவை அண்ணியிடம் கேளுங்கள், காலில் விழுந்தாவது கேளுங்கள் என்று நான் அக்காவைப் பிடுங்கி எடுத்தேன். அவளுக்கே மனசு வரும், அவசரப்படுத்தினால் இறுகிப்போவாள், கொஞ்சம் பொறு என்றாள். பழையபடி முற்றத்தில் அண்ணிக்குக் கொஞ்ச தூரத்தில் போய் உட்கார ஆரம்பித்தாள். எனக்கு அவளை உலுக்க வேண்டும்போல இருந்தது. பின்னறைக் கதவைப் பூனை உள்ளிருந்து பிறாண்டுகிற சத்தம் என் வீடு வரைக்கும் கேட்கும்.

வாரங்கள் போயின. அக்கா நினைத்தது சரிதான், அண்ணிக்கு மனசு வந்தது. ஒரு மத்தியானம் அண்ணி தானாகவே எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு, வா என்று தலையசைத்தாள். என்னையும் கூப்பிட்டாள். அலமாரியைத் திறந்து, பட்டுத்துணியில் சுற்றியிருந்த தொப்பியை எடுத்து, தன் கையாலேயே அக்காவின் கையில் வைத்தாள்.

துணியைப் பிரித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. அறை முழுக்க அந்துருண்டை நெடி. தொப்பியின் குழிக்குள் வெள்ளை வெள்ளையாக அந்துருண்டைகள் கிடந்தன. அந்த ஊர் ஈரத்தில் பூச்சி எதையும் விட்டுவைக்காது என்பதால் அண்ணி கை நிறைய அள்ளிப் போட்டிருந்தாள். பூட்டி வைத்ததிலிருந்து ஒருநாளும் திறந்து பார்க்கவில்லையாம், திறந்தால் அவன் வாசனை போய்விடுமே என்று.

அக்கா தோல்பட்டையை முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். பிறகு அண்ணியிடம் நீட்டினாள். அண்ணியும் முகத்தை உள்ளே வைத்துப் பார்த்தாள்.

"பூச்சி அரிச்சிடுமேன்னுதான் போட்டேன்" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் ஒருவரையொருவர் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணி அக்காவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். இதற்கா இத்தனை வருஷம் முக்காலியை நகர்த்தினீர்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

அதே வாரத்தில், பா அறை பெருக்கக் கதவைத் திறந்தபோது பூனை அவள் காலிடுக்கில் புகுந்து வெளியே வந்துவிட்டது. அது ஓட்டுக்கு ஏறியிருக்கலாம், முற்றத்து மாமரத்தில் ஏறியிருக்கலாம். நேரே போய் அவர் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டது. இந்தத் தடவை பெரிய நாய்தான் முதலில் பாய்ந்தது. பா கத்திக்கொண்டே ஓடிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளே மாமரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தாள்.

அக்கா நாய்களை அடிக்கவில்லை, வையவில்லை. வழக்கமான நேரத்துக்குச் சோறு வைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் வேறு ஆள். நின்றுகொண்டே சாப்பிட்டாள். நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் முடிக்கவிடமாட்டாள். கொட்டுகிற மழையில் குடைகூட இல்லாமல் தெருவைக் கடந்து போவாள். அவளுடைய பொறுமையை அத்தனை ஏசியிருக்கிறேன், அது திரும்ப வராதா என்று நான் ஏங்கிப்போனேன்.

என் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை. துறைமுகத்தில் ஆபீஸ் விடுகிற நேரத்துக்குப் பெரிய நாய் வாசல் கேட்டருகில் போய்ப் படுத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போனதிலிருந்து தினமும் அப்படித்தான் என்று பா சொன்னாள். இருட்டிவிட்டது, நாய் அசையவில்லை. அக்கா வந்து அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் அவளும் தெருவைப் பார்த்தாள். பிறகு அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். அது மண்ணில் காலை ஊன்றிக்கொண்டு வர மறுத்தது.

"அவரு வரமாட்டாரு. நீயாவது எந்திரி" என்றாள்.